காலம் தொடங்கும் கிணறு

ஆவுடைநாயகத்துக்கு முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. தன் ஊர்ப் பெயரை அந்தப் படத்தில் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் படம் பாளையங்கோட்டையில் அவர் அட்டெண்டராக இருந்த கல்லூரியில், ஜியாலஜி டிபார்ட்மெண்ட் சுவரில் தொங்கியது. ஏணி மாதிரி கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணம், ஒரு பெயர். பூமி பிறந்த காலம் கீழே, நாம் இருக்கும் காலம் உச்சியில். தினமும் காலையில் அதைத் துணியால் துடைப்பதுதான் அவருடைய முதல் வேலை. டேனியன், மாஸ்ட்ரிக்டியன் என்று வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் துடைத்துத் துடைத்தே மனப்பாடம் செய்துவிட்டார். ஏதோ ராஜாக்களின் பெயர் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தார்.

பேராசிரியர் சிவசண்முகம்தான் ஒருநாள் விஷயத்தை உடைத்தார். "எல்லாம் ஊர்ப் பேருவே. டேனியன்னா டென்மார்க்கு. மாஸ்ட்ரிக்டுன்னு ஹாலந்துல ஒரு ஊரு இருக்கு."

"காலத்துக்கு ஊர்ப் பேரா சார் வைப்பாவ?"

"பின்ன, உம்ம பேரையா வைப்பாவ? எந்த ஊருப் பாறையில அந்தக் காலம் துலக்கமா தெரியுதோ, அந்த ஊருப் பேரு."

"நம்ம பக்கம் ஒண்ணும் இல்லியா?"

"அரியலூர்ப் பேரு ஒரு பாறை வரிசைக்கு இருக்கு."

அன்றைக்கு ஆவுடைநாயகம் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டார். அரியலூருக்கு அவர் போனதில்லை. ரயிலில் தாண்டியிருக்கிறார். அந்த ஊருக்கு இருக்கலாம் என்றால் பொன்னார்விளைக்கு ஏன் இருக்கக் கூடாது?

பொன்னார்விளை திசையன்விளைக்குத் தெற்கே செம்மணல் மேடுகளான தேரிக்குள் இருக்கும் எண்பது வீட்டு ஊர். பஸ் போர்டில் பெயர் கிடையாது. பாதை பிரிகிற இடத்தில் கண்டக்டர் "வெலக்கு எறங்கு" என்பார், அவ்வளவுதான். அந்த ஊரில் பத்தாவது முடித்து, பாளையங்கோட்டையில் வேலைக்குப் போன முதல் ஆள் ஆவுடைநாயகம். அதற்காக யாரும் மாலை போடவில்லை. "நம்ம ஆவுடை கல்லுக்குத் தூசி தட்டுதான், அதுக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்காவ" என்று கல்யாண வீடுகளில் பேசிச் சிரித்தார்கள். அவர் அதற்குப் பதில் சொல்வதே இல்லை. பதில் படத்தில் வரும் என்று காத்திருந்தார்.

பதிலுக்கு வழி ஒரு கிணற்றில் திறந்தது. பொன்னார்விளையில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு சதுரக் கிணறு. மேலே பத்தடி செம்மண்ணுக்குக் கல் கட்டு. அதற்குக் கீழே அறுபதடிக்கு வெறும் பாறை. பூசவே இல்லை, பாறையே சுவர் மாதிரி நின்றது. அந்தப் பாறை அடுக்கடுக்காக, சிப்பியும் சங்கும் பதிந்து கிடந்தது. 1983இல் சிவசண்முகத்தைக் கூட்டிப் போய்க் காட்டினார். பேராசிரியர் கயிறு கட்டி இறங்க, ஆவுடைநாயகம் டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். இருபத்தேழாவது அடியில் நின்றவர் அவர்தான்.

"சார், இங்கனக்குள்ள பாருங்க. இந்தக் கோட்டுக்கு மேல பொட்டுக்கடலை பொட்டுக்கடலையா வட்டச்சில்லு இருக்கு. கீழ ஒண்ணுகூட இல்ல."

சிவசண்முகம் லென்ஸை வைத்துப் பார்த்தார். அந்தச் சில்லு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடலடியில் உயிரோடு இருந்த ஒரு சின்ன ஜீவனின் ஓடு. ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்த கடலுக்குள் அந்த ஜீவன் முதன்முதலாக வந்து குடியேறிய அடுக்கு அது. அந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு சின்ன வட்டம் போட்டார்கள். ஆவுடைநாயகத்தின் கைதான் போட்டது.

அதிலிருந்து பன்னிரண்டு வருஷம். அளப்பதும், கல் எடுப்பதும், டிராயரில் சீட்டு எழுதி ஒட்டுவதுமாகப் போயிற்று. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் சட்டதிட்டம் எல்லாம் ஆவுடைநாயகத்துக்கு அத்துப்படியாகிவிட்டது. ஒரு காலகட்டத்துக்குத் தொடக்கத்தை மட்டும்தான் குறிப்பார்கள். முடிவைக் குறிப்பதில்லை.

"அதென்ன சார், வயலுக்கு ஒரு பக்கம் மட்டும் வேலி போட்ட மாதிரி?"

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு வேலி போட்டா நடுவுல சந்து விழும்லா? காலத்துல சந்து விழக் கூடாதுவே. அடுத்தவன் எங்க தொடங்குதானோ அங்க இவன் முடிஞ்சான். அவ்வளவுதான் கணக்கு."

இன்னும் நிபந்தனைகள் உண்டு. பாறை நடுவில் விட்டுப்போகாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். யார் வந்தாலும் பார்க்க முடிய வேண்டும். அழியாமல் பத்திரமாக இருக்க வேண்டும். எல்லாம் சரி என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டால் அந்தப் புள்ளியில் ஓர் ஆணி அடிப்பார்கள். உலகம் முழுக்க அதைத் தங்க ஆணி என்றுதான் சொல்வது, அடிப்பதென்னவோ பித்தளைதான்.

"ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிடும். நாம கேக்கது உலகத்துக்கான பேரு இல்ல. நம்ம தென்கடற்கரைப் பாறைக்கு மட்டும் ஒரு வட்டாரப் பேரு" என்றார் சிவசண்முகம். ஆவுடைநாயகம் தலையை ஆட்டினார். ஊருக்குப் போகும்போது அந்த ஒரு வரியை மட்டும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவார்.

இன்னொரு விஷயத்தையும் அவர் விட்டிருந்தார். கிணறு பார்த்த முதல் வாரமே சிவசண்முகம் கேட்டார், "சுத்துவட்டாரத்துல இதே மாதிரி பூசாத கிணறு வேற உண்டா?"

"கெடையாது சார்" என்றார் ஆவுடைநாயகம், டக்கென்று.

உண்டு. இரண்டு மைலில், நொச்சிக்குழியில். அது அவர் மனைவி பேச்சித்தாயின் ஊர். மாமனார் வெட்டிய கிணறு. உப்புத் தண்ணீர் வந்ததால் கைவிட்டு, பிறகு அதுவும் வற்றி, எருக்கு முளைத்துக் கிடந்தது. கல்யாணமான புதிதில் அதற்குள் விழுந்த ஆட்டுக்குட்டியை எடுக்க மாப்பிள்ளையைத்தான் இறக்கினார்கள். அதே அடுக்கு, அதே கோடு, அதே வட்டச்சில்லு. ஆடு முட்டிய வலியைவிட அதுதான் பின்னால் அவரை அதிகம் உறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து "ஒங்க ஊர்ல என்ன இருக்கு, எருக்கலஞ்செடிதானே" என்று பேச்சித்தாயைச் சீண்டிப் பழகிய வாய் அவருக்கு. அந்த ஊர்ப் பெயரைப் படத்தில் ஏற்றி, ஆயுசுக்கும் அதைத் துடைக்க அவர் தயாராக இல்லை.

1995 ஆகஸ்டில், பெயரை முடிவு செய்யும் கமிட்டி வருவதாகக் கடிதம் வந்தது. மூன்று பேர். கிணற்றை ஒருநாள் பார்த்துவிட்டு, சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்புகிறார்கள். ஆவுடைநாயகம் ரிட்டயராக இன்னும் ஒன்பது மாசம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போய்த் தம்பி குமரவேலிடம் சொன்னார்.

குமரவேல் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவன். கிணறு அவன் பொறுப்பில்தான் இருந்தது.

"தங்க ஆணியாண்ணே? எத்தன பவுனு இருக்கும்?"

"பித்தளைலே. அது முக்கியமில்ல. ஒலகத்துக் காலம் நம்ம கெணத்துல தொடங்குதுன்னு எழுதப் போறாவ."

"அப்ப கமிட்டிக்கு நாம என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். யார் வந்தாலும் பாக்க முடியணும், பத்திரமா இருக்கணும், காலத்துக்கும் நிக்கணும். அது போதும்."

குமரவேல் மூன்றையும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டான். ஆவுடைநாயகம் நிம்மதியாகப் பஸ் ஏறினார். அட்மிஷன் நேரம், காலேஜில் வேலை கழுத்து வரை. பிறகு மூன்று வாரம் ஊர்ப் பக்கம் வர முடியவில்லை.

கமிட்டி வந்த அன்று வேன் விலக்கில் திரும்பும்போதே மேளச் சத்தம் கேட்டது. வாழை கட்டி, தோரணம் கட்டி, ஊரே தேரிமணலில் நின்றது. பேச்சித்தாய் முதல் நாளே வந்து, இப்போது பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். கல்லுக்குத் தூசி தட்டுகிறவன் என்று சிரித்த அத்தனை வாயும் இன்றைக்கு "வாங்க, வாங்க" என்றன. அந்த ஐந்து நிமிஷம், வேனிலிருந்து கிணற்றடி வரைக்குமான அந்த ஐந்து நிமிஷம்தான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய ஐந்து நிமிஷம்.

கமிட்டியில் மூத்தவர் டாக்டர் விஜயஸ்ரீ, மெட்ராஸ்காரர். நரைத்த தலையில் தொப்பி, தோளில் சுத்தியல். மாலையைக் கழற்றாமலே கிணற்றை எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"சிவசண்முகம் சார், பாறை எங்க?"

ஆவுடைநாயகமும் எட்டிப் பார்த்தார்.

கிணறு கோவில் மதில் மாதிரி இருந்தது. மேலிருந்து தண்ணீர் மட்டம் வரை வழவழவென்று சிமெண்ட் பூச்சு. அதன்மேல் சுண்ணாம்பு. அதன்மேல் செங்குத்தாகக் காவிப் பட்டை, வெள்ளைப் பட்டை, காவிப் பட்டை, வெள்ளைப் பட்டை. ஒன்றரைக் கோடி வருஷமாகக் கிடைமட்டமாகப் படிந்த அடுக்கு எதுவும் தெரியவில்லை. இருபத்தேழாவது அடியில் மட்டும் விளக்கு மாடம்போல் ஒரு சதுரக் குழி விட்டிருந்தார்கள். அதற்குள் ஆவுடைநாயகம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட சிவப்பு வட்டம், ஒரு குங்குமப் பொட்டு, ஒரு நாற்பது வாட் பல்பு. இறங்குவதற்கு இரும்புப் படி. மேலே பளிங்குக்கல்: 'உலகக் காலம் இங்கே தொடங்குகிறது.'

குமரவேல் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "யார் வந்தாலும் பாக்கலாம் மேடம், படி போட்டிருக்கு. பத்திரத்துக்குக் கைப்பிடி. காலத்துக்கும் நிக்கும். கோயில் கொடைக்கு வரி பிரிச்ச மாதிரி ஊரே வரி போட்டுச் செஞ்சிருக்கோம்."

ஒன்றும் விட்டுப்போகவில்லை. சொன்ன மூன்றையும் அப்படியே செய்திருந்தான்.

"பூச்சை எடுக்கலாமா?" என்று சிவசண்முகம் மெல்லக் கேட்டார். அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"எதுக்கு சார் எடுக்கணும்? எடுத்தாலும் வராது. பூச்சு பிடிக்கணும்னு பாறை முகத்தைப் பூராக் கொத்திவிட்டுத்தான் பூசியிருக்கு. சிப்பி கிப்பின்னு தொங்கிக்கிட்டிருந்ததை எல்லாம் சொரண்டித் தள்ளியாச்சு" என்றான் குமரவேல்.

விஜயஸ்ரீ படியில் இறங்கி, மாடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "தொடக்கம் அழகா தெரியுது. அதுக்கு முன்னாடியும் தெரியல, பின்னாடியும் தெரியல. இதை வச்சு நான் என்ன எழுதறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சிவசண்முகம் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்து நோட்டுகள் அடங்கிய பை மடியில் இருந்தது. அதன் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஆவுடைநாயகம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எதிரில் தம்பி. அவன் முகத்தில் இன்னும் அந்தப் பூரிப்பு. தப்பு நடந்ததே அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் ஊர். இவர்கள் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டால் ஊருக்கும் தெரியப் போவதில்லை. மேளம் அடித்தார்கள், கமிட்டி வந்தது, மாலை போட்டோம், பளிங்குக்கல் இருக்கிறது. பொன்னார்விளைக்கு அதுவே சாகும்வரை போதும். வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பிக்கும். அவர் மானமும் சேர்த்து.

ஜிப் மறுபடியும் திறந்து மூடியது.

"சார்" என்றார் ஆவுடைநாயகம். "ரெண்டு மைல்ல இன்னொரு கெணறு இருக்கு."

சிவசண்முகம் நிமிர்ந்தார். "இல்லன்னீரே வே."

"இருக்கு சார். நொச்சிக்குழியில."

பாயசப் பானைக்குப் பின்னாலிருந்து பேச்சித்தாயின் குரல் வந்தது. "எங்க அப்பா கெணத்துல என்ன இருக்கு? எருக்கலஞ்செடில்லா இருக்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அதுதான் சார்" என்றார்.

நொச்சிக்குழியில் மேளமும் இல்லை, தோரணமும் இல்லை. கிணற்றுக்குள் கிழிந்த பாயும் ஓட்டைப் பானையும் கிடந்தன. ஓர் ஆடு மேலே நின்று இவர்களைப் பார்த்தது. வறண்ட கிணறாதலால் பாறை அடிவரை தெரிந்தது. விஜயஸ்ரீ கயிற்றில் இறங்கி, ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். தலையெல்லாம் புழுதி. தொப்பியைக் காணோம். உள்ளங்கையில் நாலைந்து வட்டச்சில்லு.

"சிவசண்முகம் சார், இது அதைவிட நல்ல செக்‌ஷன். பாறை இருபதடி அதிகமா தெரியுது. ஒரு இடத்துலகூட விட்டுப்போகல. இத்தனை நாள் ஏன் காட்டல?"

சிவசண்முகம் ஆவுடைநாயகத்தைப் பார்த்தார். ஆவுடைநாயகம் ஆட்டைப் பார்த்தார்.

"இதுக்கு இன்னும் நேரம் வரலன்னு இருந்தோம் மேடம்" என்றார் சிவசண்முகம். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆவுடைநாயகம் அவரை ஆயுசுக்கும் மறக்கவில்லை.

வேன் கிளம்பும்போது குமரவேல் ஓடிவந்து அண்ணன் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். "பூச்சுல ஏதும் கொறையாண்ணே? அந்தம்மா ஒண்ணும் சொல்லலியே."

"ஒரு கொறையும் இல்லலே. இந்த மாதிரி பூச்சு மெட்ராஸ்லகூடப் பாத்ததில்லையாம்."

அது பொய்யும் இல்லை.

மே மாசம் ஆவுடைநாயகம் ரிட்டயரானார். ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். சாவிக்கொத்தை ஒப்படைக்கப் போனபோது ஆபீஸில் வாங்க ஆளில்லை. அந்தப் போஸ்டுக்குப் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். "புது ஆள் வார வரைக்கும் நீங்களே வச்சிருங்க" என்றார் சூப்பிரண்டெண்ட். ஆவுடைநாயகம் மறுநாளும் டவுன் பஸ் ஏறிப் போய்ப் படத்தைத் துடைத்தார். அடுத்தவன் தொடங்காதவரை இவன் முடியவில்லை. கணக்கு அதுதானே.

1997 பிப்ரவரியில் சிவசண்முகம் அவரை ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். வட்டாரப் பெயர் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. 'நொச்சிக்குழியன்.' சுவர்ப் படத்தின் ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போட்டு, பேனாவை அவர் கையில் கொடுத்தார். "நீரே எழுதும்."

ஆவுடைநாயகம் எழுதினார். முப்பத்து மூன்று வருஷமாக எந்த எழுத்தை எழுதக் கை துறுதுறுத்ததோ அது இல்லை. ஆனாலும் எழுத்து அழகாக வந்தது.

வீட்டில் சொன்னபோது பேச்சித்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "ஒங்க ஊருக்குப் பளிங்குக்கல்லு இருக்குல்லா, அது போதும்" என்றாள். காம்புகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, "அதை எப்பிடி எழுதினிய? நல்லாத் தெரியுதாப்புலயா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

பத்து நாள் கழித்து பேச்சித்தாயின் தம்பி கொம்பையாவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. விஷயம் நொச்சிக்குழிக்கு எட்டிவிட்டது. காலேஜ் பிள்ளைகள் பஸ் வைத்து வரப் போகிறார்களாம். ஊரே வரி பிரித்துக் கிணற்றைச் சுத்தம் செய்தாயிற்று. வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார். பொன்னார்விளைக்காரன் போட்டதைவிட அகலமான பட்டையாகப் போட உத்தேசம். அத்தான் அவசியம் வரவும்.

அன்றைக்கே வெள்ளிக்கிழமை.

ஆவுடைநாயகம் சட்டையைத் தலைகீழாகப் போட்டு, பிறகு நேராகப் போட்டார். பேச்சித்தாயும் கூடவே கிளம்பிவிட்டாள். திசையன்விளை பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நாங்குநேரியில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது ஆவுடைநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

விலக்கில் இறங்கி மணலில் நடக்கும்போதே கலவை கலக்கும் சத்தம் கேட்டது. கிணற்றடியில் கொத்தனார் சாரம் கட்டி, உளியும் சுத்தியலுமாக முதல் தட்டில் இறங்கி நின்றார். கொம்பையா சிரித்துக்கொண்டே வந்தான். ஆவுடைநாயகம் மூச்சு வாங்க நின்றார். என்ன சொல்வது, எங்கிருந்து தொடங்குவது? ஒன்றரைக் கோடி வருஷத்தை எந்த வாக்கியத்தில் வைப்பது?

பேச்சித்தாய் அவரைத் தாண்டிப் போனாள்.

"ஏலே கொம்பையா. இது அப்பா வெட்டுன மாதிரியே இருக்கணும். ஒரு கரண்டி சிமெண்டு உள்ள விழுந்துச்சு, நான் பெறந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

"யக்கா, ஊரே வரி போட்டிருக்குக்கா."

"அந்தக் கலவைய வச்சுப் பள்ளிக்கூடத்துச் சொவர பூசு. அது எப்ப விழுமோன்னு நிக்கி. கொத்தனாரே, ஏறி வாரும், மோர் தாரேன்."

கொத்தனார் ஏறி வந்தார். அவருக்கும் அந்த ஆழத்தில் இறங்க அவ்வளவு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு பேச்சித்தாய் கிணற்று விளிம்பில் உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். அடுக்குகள் வெயிலில் சுத்தமாகத் தெரிந்தன. சுத்தம் செய்தவர்கள் எருக்கலஞ்செடி ஒன்றை மட்டும் எப்படியோ விட்டிருந்தார்கள்.

"எங்கன தொடங்குது?"

அவர் குனிந்து காட்டினார். "அந்தச் செடிக்கு ஒரு முழம் கீழ."

"முடியுதது?"

"முடிவு குறிக்க மாட்டாவ. அடுத்தது தொடங்குனாத்தான் இது முடியும்."

பேச்சித்தாய் இன்னொரு முறை செடிக்குக் கீழே பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப இப்போதைக்கு எங்க ஊர்தான் நடக்குது" என்றாள்.